பட்டன் ஓரத்து எழுத்துகள்

பிப்ரவரி 11

அக்கா,

நலமா, சாப்பிட்டாயா எல்லாம் அம்மா போனில் கேட்டுக்கொள்வாள். நான் நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

இன்று காலை ஆபீஸில் மெயிலைத் திறந்தால், உங்கள் கம்பெனி அதற்குப் புது வேஷம் கட்டி நிறுத்தியிருக்கிறது. எங்கு பார்த்தாலும் வெள்ளை. பட்டன்கள் இருக்கின்றன, அவற்றின் ஓரத்தில் இருந்த எழுத்துகளைக் காணோம். ‘பதில்’ ஓரத்தில் ஆர், ‘ஒதுக்கு’ ஓரத்தில் ஈ, ‘மியூட்’ ஓரத்தில் எம் என்று சாம்பல் நிறத்தில் குட்டிக்குட்டியாக நிற்குமே, அத்தனையும் போச்சு. நீ என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்துப் போட்ட எழுத்துகள்.

பக்கத்து சீட்டுக்காரி சொல்கிறாள், “எங்கேயும் போகலைங்க. மவுஸை பட்டன் மேல கொண்டு போய் வைங்க, தானா வரும் பாருங்க.” செய்தும் காட்டினாள். வந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. பஸ் கதவில் நசுங்கிய என் வலது மணிக்கட்டு மவுஸைத் தொட்டால் தோள்வரை இழுக்கும். மவுஸ் பிடிக்க முடியாதவளுக்காகத்தானே அந்த எழுத்து? அதைப் பார்க்க மவுஸைப் பிடி என்றால், நொண்டியைப் பார்த்து மாடிக்கு வந்து ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு போ என்பது மாதிரி இல்லையா?

‘உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே’ என்று சொல்லாதே. பாதி மனப்பாடம், பாதி கண். என் வேலை உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் அனுமதி கேட்டு குடும்பங்கள் அனுப்பும் மெயிலுக்கு நான் பதில் போட வேண்டும். பில்லும் ரிப்போர்ட்டும் இடப்பக்கம் ஸ்டாண்டில் இருக்கும். கண் அங்கே, விரல் கீபோர்டில். எழுதும் பெட்டிக்குள் கர்சர் இல்லாமல் அடித்துவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாகப் பாயும். ஆனால் பாயும்போது ஓரத்து எழுத்து மஞ்சளாக மின்னும். கடைக்கண்ணில் மஞ்சள் தெரிந்ததும் கையை எடுத்துவிடுவேன். இப்போது எதுவும் மின்னவில்லை. இருட்டில் படி இறங்குவது மாதிரி இருக்கிறது.

எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது? அவனைக் கூப்பிட்டு என் பேரைச் சொல்லி நாலு வார்த்தை கேள். எழுத்தைத் திரும்பப் போடச் சொல்.

வாலு

பிப்ரவரி 15

வாலு,

உன் சண்டை மெயிலில் வந்து சேர்ந்தது. திட்டினாலும் உன் எழுத்தைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

உடனே எழுத முடியவில்லை. புது வெர்ஷன் வந்த வாரம் எங்கள் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று கேட்காதே. ஆளாளுக்கு வாழ்த்து, ஆளாளுக்குக் குறை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இது யாரோ ஒருவர் எடுத்த முடிவு இல்லை. பல கூட்டங்கள் போட்டுப் பேசி முடிவானது. புதிதாக வருகிறவர்களைத் திரைமுன் உட்காரவைத்துப் பார்த்தோம். பட்டன் பட்டனுக்கு ஓர் எழுத்து நிற்பதைப் பார்த்து மிரள்கிறார்கள். “இது என்னங்க, கண் டாக்டர் மாட்டி வெச்சிருக்கிற அட்டை மாதிரி இருக்கு?” என்று ஒருவர் கேட்டேவிட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஷார்ட்கட்கள் அப்படியேதான் இருக்கின்றன, வாலு. ஒன்றையும் மாற்றவில்லை. காட்டுவதை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறோம். கேள்விக்குறியை அழுத்து, முழுப் பட்டியலும் திரையில் வரும். பார்த்துவிட்டு மூடிவிடலாம். இரண்டு வாரம் போனால் அந்த எழுத்துகள் இருந்ததே உனக்கு மறந்துவிடும். உன்னைவிட வேகமாகக் கீபோர்டில் விளையாடுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

எப்போதும் காட்டும்படி ஒரு வசதி வைக்கலாமா என்று கேட்கிறேன். உடனே நடக்காது. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அக்கா

மார்ச் 6

அக்கா,

போனில் சொல்லியிருக்கலாம். நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் நடக்காது. அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படி.

போன மாதம் ஒரு பெண் மெயில் அனுப்பியிருந்தாள். கணவனுக்குக் கண்ணில் விழித்திரை கிழிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன், அனுமதி வேண்டும் என்று. அதைத் திறந்தேன். ரிப்போர்ட் ஸ்டாண்டில் இருந்தது. அதைப் பார்த்தபடியே பதிலை அடித்தேன், கூடுதலாக ஒரு பேப்பர் அனுப்பச் சொல்லி. பெட்டிக்குள் கர்சர் இல்லை. நான் அடித்த வாக்கியம் பதிலாகப் போகவில்லை, கட்டளைகளாகப் பாய்ந்திருக்கிறது. ஓரத்தில் எதுவும் மின்னவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தபோது அடுத்த மெயில் திறந்திருந்தது. பதில் போய்விட்டது, வழக்கம்போல அடுத்தது வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் மெயில் மியூட் ஆகியிருந்தது. மியூட் ஆனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். அதன் பிறகு அவள் அனுப்பிய ஒவ்வொரு மெயிலும் சத்தமில்லாமல் அதே குழிக்குள் போய் விழுந்திருக்கிறது. கெஞ்சியிருக்கிறாள், அக்கா. கடைசியில் நேரில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. ஆனால் அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. விரலை உடைத்துக்கொள்ளலாமா என்று வருகிறது. தப்பு என்னுடையது, கர்சரைப் பார்க்காமல் அடித்தது நான்தான். அதை விசாரணையில் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஆனால் அவர்கள் கேட்பது வேறு. “இவ்வளவு வருஷமா பண்ணாத தப்பை இப்ப மட்டும் எப்படிம்மா பண்ணினீங்க?” என்கிறார் விசாரணை அதிகாரி. ஓரத்தில் எழுத்து மின்னும், அதை எடுத்துவிட்டார்கள் என்கிறேன். அவர் மேற்பார்வையாளரைப் பார்க்கிறார், மேற்பார்வையாளர் உதட்டைப் பிதுக்குகிறார். அந்த அறையில் மவுஸ் இல்லாமல் வேலை செய்தவர்கள் யாருமில்லை. மின்னியதை ஒருவரும் கவனித்ததே கிடையாது. நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது உங்கள் கம்பெனி லெட்டர்பேடில் நாலு வரி. இந்த எழுத்துகள் இருந்தன, அழுத்தினால் மின்னும், இந்தத் தேதியில் எடுத்தோம். அவ்வளவுதான். மன்னிப்புக்கூட வேண்டாம். அது வந்தால் கண்டித்துவிட்டு வேலையில் வைத்துக்கொள்வார்கள். வராவிட்டால், அஜாக்கிரதையால் ஓர் ஆளின் கண்ணைக் கெடுத்தவள் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்த வாசல்படி ஏறுவேன்?

சீக்கிரம் அனுப்பு.

வாலு

மார்ச் 10

வாலுக் கண்ணு,

படித்ததும் கை கால் ஓடவில்லை. அந்த மனிதருக்கும் உனக்கும் இப்படி ஆகியிருக்க வேண்டாம்.

எங்கள் தலைவரிடம் போய்ப் பேசினேன். அவர் வக்கீலைக் கேட்டார். வக்கீல் ஒரே வார்த்தையில், “ஒரு வரி கூட எழுத்துல தரக் கூடாது” என்றுவிட்டார். நாங்கள் எடுத்ததால்தான் இது நடந்தது என்று ஆகிவிடுமாம், நாளைக்கு அந்தக் குடும்பம் எங்கள்மேல் கேஸ் போடுமாம். நான் தனியாக எழுதித் தரவா என்று கேட்டேன். “நீங்க தனி ஆளா எழுதினாலும் கம்பெனி ஆள்தானே?” என்கிறார். என் பதவி உயர்வு மேசையில் இருக்கிற சமயம். அதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

வேறு வழி ஒன்று தோன்றுகிறது. அன்றைக்குக் கை வலி தாங்க முடியவில்லை, மாத்திரை போட்டிருந்தேன், தலை சுற்றியது என்று எழுதிக் கொடு. டாக்டர் சர்டிபிகேட் வாங்குவது கஷ்டமில்லை. உன் கையைக் கண்ணால் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். யோசித்துப் பார்.

அக்கா

மார்ச் 13

அக்கா,

இவ்வளவு வருஷத்தில் இந்தக் கையை நீட்டி நான் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. பஸ்ஸில் சீட்டுகூட. நீ அதைப் பிச்சைத் தட்டாக்கச் சொல்கிறாய். நல்லா இருக்கு.

மறைக்க ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். நேற்று விசாரணையில் என்ன நடந்தது தெரியுமா? அதிகாரி தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். உங்கள் கம்பெனி இணையப் பக்கம். மேலே உன் போட்டோ, நீலச் சட்டை, கை கட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். கீழே உன் கட்டுரை. ‘ஷார்ட்கட் எழுத்துகளை நான் ஏன் திரையிலிருந்து நீக்கினேன்.’ நாங்கள் இல்லை, நான். அதில் ஒரு வரியை அவர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். ‘அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த எழுத்துகள் தேவையில்லை, அவர்களுடைய விரல்களே அவற்றை அறியும்.’

படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார், “நீங்க அனுபவம் உள்ளவங்கதானேம்மா?”

அது என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆமாம் சார், அனுபவம் உள்ளவள்தான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

‘பல கூட்டங்கள் போட்டு முடிவானது’ என்று எனக்கு எழுதினாயே, அதை எந்த வாயால் எழுதினாய்? எவனையோ நாலு வார்த்தை கேட்கச் சொன்னேனே, உள்ளுக்குள் சிரித்திருப்பாய்.

முடிவு சொல்ல இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அந்தக் கட்டுரை தப்பு என்று நீயே எழுதலாம். வக்கீல் வேண்டாம், லெட்டர்பேட் வேண்டாம். உன் பேரில் எழுது.

மார்ச் 17

உனக்கு,

சரி. நான்தான் எடுத்தேன். எடுக்கலாம் என்று சொன்னதும் நான், படம் வரைந்ததும் நான். உன்னிடம் அதைச் சொல்லப் பயந்தேன். ஏன் பயந்தேன் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா?

அந்தப் பஸ் கதவு உன் கையை மட்டும் நசுக்கவில்லை. அதற்கப்புறம் நம் வீட்டில் வேறு யாருக்கும் எதற்கும் வலிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தால், “அவ கையோட அவ கஷ்டப்படறா, உனக்கு என்ன?” என்பாள் அம்மா. எனக்கு வந்த வரன் தட்டிப்போனபோது அழக்கூட எனக்கு இடமில்லை, உன் பிசியோதெரபி நேரம் அது. வேலைக்கு வந்தேன். முதலில் வரைந்த திரையும் உனக்காகத்தான். ஆபீஸில் எனக்கு என்ன பேர் தெரியுமா? ‘எழுத்து மேடம்.’ எந்தப் படம் போட்டுக் காட்டினாலும், “உங்க தங்கச்சிக்குச் சரிப்படுமா?” என்று ஒரு கிண்டல். என் வேலையில் என்னுடையது எது, உன்னுடையது எது என்று எனக்கே தெரியாமல் போச்சு.

ஒரே ஒரு தடவை, ஒரு திரையை நீ இல்லாமல் வரைந்து பார்க்க ஆசைப்பட்டேன். சுத்தமாக, வெள்ளையாக, எனக்குப் பிடித்த மாதிரி. எல்லாரும் பாராட்டினார்கள். அப்போது யாரும் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நீ என்னை மனுஷியாகவே மதிக்க மாட்டாய்.

கட்டுரை தப்பு என்று எழுதினால் என் வேலை போகும். உன் வேலையைக் காப்பாற்ற என் வேலையை எடுத்துக்கொள் என்கிறாய். இந்த வீட்டில் அது புதிசா என்ன?

என்னால் முடியாது.

ஏப்ரல் 3

அக்கா,

வேலை போய்விட்டது. அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறார்கள். காரணங்களில் ஒன்றாக உன் வரியையும் மேற்கோள் போட்டிருக்கிறார்கள், உன் பதவியோடு.

உன் மெயிலை அன்றைக்கே படித்தேன். அதில் பொய் இல்லை. காய்ச்சல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, வரன் தட்டியதும் ஞாபகம் இருக்கிறது. நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அடித்திருந்தால்கூட. ஆனால் உனக்கு என்மேல் இருந்த கோபத்தை நீ வீட்டில் காட்டவில்லை, ஊருக்கே போகிற ஒரு திரையில் கொண்டுபோய்க் காட்டினாய். யாரோ ஒருவர் கண்ணைக் கொடுத்தார்.

அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாவது மாடி, கதவில் பெயின்ட் உரிந்திருந்தது. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார், தச்சு வேலைக்காரர். மரத்தில் கோடு போட்டால் ஒரு பக்கம் சாய்கிறதாம். நான்தான் அந்த மெயில்காரி என்று சொன்னேன். கத்துவாள் என்று நினைத்துத்தான் போனேன். அந்தப் பெண் கத்தவில்லை. “மறுபடி மறுபடி எழுதினேங்க. ஒண்ணைக்கூடப் படிக்கலையா?” என்று மட்டும் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் மியூட், கர்சர், மஞ்சள் எழுத்து என்று என்னென்னவோ ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். “படிக்கலைங்க” என்றேன். அதுதான் அவளுக்குப் புரிந்த பதில்.

அம்மாவிடம் ஆட்குறைப்பு என்று சொல்லியிருக்கிறேன். நீ உளறாதே. உன்னை நல்லவளாக நினைக்கிற ஒருத்தியாவது இருக்கட்டும்.

மே 21

வாலு,

இத்தனை நாள் நீ எடுக்காத போன்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். படிக்காமல் மூடிவிடாதே.

எழுத்துகள் திரும்ப வந்துவிட்டன! இன்றைய அப்டேட்டில் பார். பட்டன் ஓரத்தில் எப்போதும் நிற்கும், முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக, அழுத்தினால் மின்னும். இதற்காக நான் எவ்வளவு சண்டை போட்டேன் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதவி கையில் வந்த மறுநாளே இதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் பெரிய அரங்கில் அறிமுக விழா. நான்தான் பேசினேன். முதலில் தயாரித்த பேச்சை வைத்துவிட்டு, உன்னைப் பற்றிச் சொன்னேன். பஸ் கதவு, மவுஸைத் தொட முடியாத கை, நீ கடைக்கண்ணில் மஞ்சளைப் பார்த்து வேலை செய்வது எல்லாம். ‘இந்த எழுத்துகள் என் தங்கையின் ஊன்றுகோல்’ என்றேன். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது, வாலு. தலைவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “இதுதாங்க நம்ம கம்பெனி” என்றார்.

உன்னை வைத்து ஒரு சின்ன வீடியோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். நீ வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்தால் போதும். இங்கேயே உனக்கு ஒரு வேலைகூடப் பார்க்கலாம். கோபத்தை விடு. வா.

உன் அக்கா

மே 23

அக்கா,

அப்டேட் வந்தது. எழுத்துகளைப் பார்த்தேன். நன்றாக இருக்கின்றன. சாம்பல் நிறம் முன்னைவிட எடுப்பு, மின்னுவதும் கண்ணை உறுத்தவில்லை. வேலையில் நீ கெட்டிக்காரி, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

உன் பேச்சையும் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரிதான் அனுப்பினாள், “இது உங்க அக்காவாங்க? சொல்லவே இல்லையே” என்று கேட்டு. முழுதாகப் பார்த்தேன். எழுத்துகள் இருந்தன, அழுத்தினால் மின்னும், இந்தத் தேதியில் எடுத்தோம். மூன்றையும் சொல்லிவிட்டாய், அக்கா. நான் கேட்ட நாலு வரி அதுதான். அதே வாய், அதே வார்த்தை. மூடிய அறையில் எனக்காகச் சொல்ல முடியாததை, கை தட்டுகிறவர்கள் நிறைந்த அரங்கில் உனக்காகச் சொன்னாய். அன்றைக்கு வந்து தடுத்த வக்கீல் இன்றைக்கு எங்கே போனார்?

தச்சரைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவர் உன் பேச்சில் வந்திருந்தால் யாரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள்.

‘நீ இல்லாமல் ஒரு திரை வரைய ஆசைப்பட்டேன்’ என்றாய். எனக்கு அந்த ஆசை புரிந்தது, சத்தியமாகப் புரிந்தது. அதனால்தான் இத்தனை நாள் உன்னை முழுதாக வெறுக்க முடியவில்லை. இப்போது நீயே என்னை மறுபடி இழுத்துக்கொண்டு போய் மேடையில் உட்காரவைத்திருக்கிறாய். இனி உன் பெயருக்குக் கீழே என் கை எப்போதும் இருக்கும். அதை இந்தத் தடவை நீதான் கேட்டு வாங்கிக்கொண்டாய்.

வீடியோவுக்கு வர மாட்டேன். வேலையும் வேண்டாம். அம்மா உன்னிடம் பேசுவாள், அவளைத் தடுக்க மாட்டேன். அவளிடம் என்னைப் பற்றிக் கேட்காதே.

புதுத் திரையில், ‘அனுப்புநரைத் தடு’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. முன்பெல்லாம் அதை மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும். இப்போது அதற்கும் ஓரத்தில் ஓர் எழுத்து போட்டிருக்கிறாய். பளிச்சென்று தெரிகிறது. மவுஸ் தேவைப்படவில்லை.